அளந்தவர்களுக்கு எப்படி மரியாதை செய்வது?

போன மாதம் குடவாசல் போயிருந்தப்ப அத்தை வீட்டு அலமாரியில ஒரு மலர் கிடைச்சுது. விழா மலர். பக்கத்துக் கிராமத்துல 34 வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்து ஓய்வு பெற்றவருக்கு, பழைய மாணவர்கள் சேர்ந்து நடத்தின பணி நிறைவுப் பாராட்டு விழாவுல வெளியிட்டது. வழவழப்பான தாள், 80 பக்கம். மத்தியான நேரம், கரண்ட் வேற இல்ல. உட்கார்ந்து பக்கத்தை எண்ணினேன். வாழ்த்துரை 31 பக்கம். போட்டோ 22. விளம்பரம் 19 (உரக்கடை, நகைக்கடை, கல்யாண மண்டபம்). வாழ்த்துக் கவிதை 6. வாழ்க்கைக் குறிப்பு 2. மொத்தம் 80 சரியா வருது.

அவர் கணக்கை எப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்பதற்கு ஒரு பக்கம் கூட இல்லை.

இது அந்த மலரை மட்டும் சொல்கிற குறை இல்லை. நம்ம ஊர்ல வருகிற மணிவிழா மலர், பவளவிழா மலர், பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கான பாராட்டுத் தொகுப்பு எல்லாமே கொஞ்சம் முன்னே பின்னே இந்தக் கணக்குதான். ‘அன்பின் உருவம்’, ‘அறிவின் சிகரம்’, ‘ஏணியாய் இருந்தவர்’. பெயரை மாற்றிப் போட்டால் யாருக்கும் பொருந்தும். யாருக்கும் பொருந்துகிற பாராட்டு ஒருத்தருக்கும் உரியது இல்லை என்பதுதான் என் முதல் புகார்.

பக்கம் எண்ணுகிற புத்தி வந்ததற்குக் காரணம் உண்டு. சில மாதங்களாகக் கல்வி மதிப்பீட்டின் வரலாற்றைப் படித்துக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்பதை நாடு நாடாக அளந்து பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஆட்களின் கதை அது. வாழ்நாள் முழுக்க அளந்தவர்களுக்கு அளவே இல்லாத வாழ்த்துரை வாசிச்சா எப்படி இருக்கும்? அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான் இந்தப் பதிவு.

*

முதலில் அந்த ஆட்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1958இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், யுனெஸ்கோ கல்வி நிறுவனத்தில் சில ஆய்வாளர்கள் கூடினார்கள். அமெரிக்காவின் பெஞ்சமின் புளூம், ஸ்வீடனின் டார்ஸ்டன் ஹூசேன் போன்றவர்கள் இதைத் தொடங்கிய தலைமுறை. ‘எங்க நாட்டுப் பள்ளிக்கூடம்தான் ஒசத்தி’ என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஒரே கேள்வித்தாளைப் பல நாட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்க முடியுமா என்பது அவர்களுடைய கேள்வி. 1959-62இல் 12 நாடுகளில் ஒரு வெள்ளோட்டம். 1964இல் முதல் பன்னாட்டுக் கணித ஆய்வு. 1970-71இல் ஆறு பாட ஆய்வு. அந்தக் கூட்டமைப்புதான் ஐஇஏ. கல்விச் சாதனை மதிப்பீட்டுக்கான பன்னாட்டுச் சங்கம் என்று தமிழில் சொல்லலாம். இப்போது செய்திகளில் அடிபடுகிற டிம்ஸ் (1995 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, கணக்கும் அறிவியலும்), பிர்ல்ஸ் (2001 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, வாசிப்பு) இரண்டும் இவர்கள் நடத்துவது.

கேட்க எளிசா இருக்கும். வேலை எளிசு இல்லை. எந்தப் பள்ளிகளை எடுப்பது, அதில் எந்த வகுப்பை எடுப்பது என்பதைக் குலுக்கல் முறையில் விதிப்படி தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பிள்ளை எல்லாக் கேள்விகளையும் எழுதினால் களைத்துவிடும். ஆகவே கேள்விகளைப் பல கையேடுகளாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்து, பிறகு கணக்கியல் முறையால் ஒன்று சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கேள்வியையும் மொழிபெயர்த்து, அந்த மொழிபெயர்ப்பை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். ஹூசேன் 1962 முதல் 1978 வரை இந்தச் சங்கத்தின் தலைவராக இருந்தார். அவருக்குப் பின் நெவில் போஸ்ல்த்வைட் 1986 வரை. இருவரும் சேர்ந்து 1985இல் கல்விக்கென்று ஒரு பன்னாட்டுக் கலைக்களஞ்சியத்தையே தொகுத்தார்கள். இருவரும் 2009இல் காலமானார்கள்.

நீண்ட நாள் உழைத்தவர்களுக்கு இந்தச் சங்கம் கௌரவ உறுப்பினர் தகுதி கொடுக்கிறது. அது நம்ம பொன்னாடை மாதிரிதான். ஆனால் இன்னொரு வழக்கமும் வைத்திருக்கிறார்கள். புரூஸ் சாப்பின் என்ற ஆய்வாளர் பெயரில் ஒரு விருது. யாருக்கு? ஐஇஏ தரவை வைத்து நல்ல முதுகலை அல்லது முனைவர் பட்ட ஆய்வேடு எழுதுகிற இளைஞருக்கு. ரிச்சர்ட் உல்ஃப் பெயரில் இன்னொன்று. அது நல்ல ஆய்வுக் கட்டுரைக்கு. போனவருடைய பெயர் நிற்க வேண்டுமானால் இருக்கிறவர் ஒருத்தர் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. மாலை வாடிப் போகும், ஷீல்டு பரணுக்குப் போகும். ஆய்வேட்டைப் பத்து வருஷம் கழித்தும் ஒருத்தர் எடுத்துப் புரட்டுவார்.

வெளிநாட்டைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்கிற பதிவு இல்லை இது. அங்கேயும் ஓட்டை இருக்கு. அதற்கு வருகிறேன்.

*

இந்த உல்ஃப் பெயரைப் பார்த்ததும் எனக்கு இன்னொரு பெயர் ஞாபகம் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் புளூமிடம் ஆய்வு செய்தவர்களில் இருவர் அடுத்தடுத்த ஆண்டுகளில் முனைவர் பட்டம் பெற்றார்கள். 1964இல் உல்ஃப். அதற்கு முந்தைய ஆண்டு, 1963இல், ஆர்.எச். தவே. இந்தியர்.

பி.எட். படித்தவர்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆனால் ‘டேவ்’ என்று. உளவியக்கக் களத்தின் ஐந்து படிகள்: போலச் செய்தல், கையாளுதல், துல்லியம், ஒருங்கிணைத்தல், இயல்பாதல். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘டேவ், 1970’. தேர்வுக்கு நிச்சயம் வரும், அஞ்சு மார்க். நானே ரொம்ப நாள் அவரை டேவிட் மாதிரி ஏதோ ஒரு வெள்ளைக்காரர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ‘தவே’ என்பது நம்ம நாட்டுக் குடும்பப் பெயர் என்று பின்னால்தான் தெரிந்தது. என்சிஇஆர்டியில் பணிபுரிந்தவர். 1979 முதல் 1989 வரை, ஐஇஏ பிறந்த அதே ஹாம்பர்க் யுனெஸ்கோ கல்வி நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தவர். ஒரு மனிதருக்கு நாம் செய்த மரியாதை என்ன? மனப்பாடம் பண்ண வேண்டிய ஒரு பெயராக ஆக்கினோம். அதையும் தப்பாக உச்சரித்தோம்.

அந்த 1963 ஆய்வேட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் வருத்தம் இன்னும் கூடுகிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 60 பேர். அவர்கள் வீடுகளுக்குப் போய்த் தாய்மாரிடம் பேசி, வீட்டுச் சூழலை அளந்தார் தவே. அதுவரை வீட்டுச் சூழல் என்றால் அப்பா என்ன வேலை, என்ன சம்பளம், எவ்வளவு படிப்பு என்பதுதான் அளவு. தவே அதை விட்டுவிட்டு, வீட்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தார். பிள்ளையின் படிப்பில் எதிர்பார்ப்பு இருக்கிறதா, வீட்டில் பேசுகிற மொழி எப்படி, பாடத்தில் சந்தேகம் வந்தால் யாராவது உதவுகிறார்களா, குடும்பமாகச் சேர்ந்து வெளியே போய்ப் பார்க்கிறார்களா, யோசித்துப் பேசுகிற வழக்கம் உண்டா, வேலைகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டா என்று ஆறு அம்சங்கள். இந்த அளவுக்கும் பிள்ளைகளின் மொத்தத் தேர்ச்சிக்கும் இருந்த ஒட்டுறவு ஏறத்தாழ 0.80. சமூக ஆய்வில் அவ்வளவு நெருக்கமான எண் சுலபத்தில் வராது.

60 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, ஒட்டுறவு இருந்தால் அதுவே காரணம் என்று ஆகிவிடாது. இதெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். ஆனாலும் அந்த ஆய்வு திருப்பிப் போட்ட விஷயம் பெரியது. பெற்றோர் யார் என்பதைவிட, பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்பது முக்கியம். ‘யார்’ என்பதை மாற்ற முடியாது. ‘என்ன செய்கிறார்கள்’ என்பதை மாற்றலாம்.

இதை ஏன் குடவாசலில் உட்கார்ந்து சொல்கிறேன் என்றால், எங்க பக்கத்துப் பள்ளிகளில் அதிகம் கேட்கிற வாக்கியம் ‘வீட்டுச் சூழல் சரியில்லைங்க’ என்பதுதான். அம்மா நடவுக்குப் போகிறாள், அப்பா திருப்பூர் போய்விட்டார், பிள்ளைக்கு எங்கே படிப்பு வரும் என்று கையை விரிப்பதற்கு அந்த வாக்கியம் வசதி. தவே சொன்னது இதற்கு நேர் எதிர். சூலி சம்பளத்தில் ஓடுகிற வீட்டிலும் ராத்திரி சாப்பிடும்போது ‘இன்னைக்கு என்ன நடத்தினாங்க’ன்னு ஒரு கேள்வி கேட்கலாம். அந்த ஆய்வேட்டை ஐந்து படிகளாகச் சுருக்காமல், இந்த ஒரு செய்தியை ஆசிரியர் பயிற்சியில் சொல்லியிருந்தால் அதுதான் அவருக்குப் போட்ட மாலை.

*

அவருடைய ஆசிரியர் புளூமுக்கும் இதே கதிதான் இங்கே. 1950களின் கடைசியில் புளூம் இந்தியா வந்து தேர்வுச் சீர்திருத்தப் பயிலரங்குகள் நடத்தினார். 1958இல் மத்தியத் தேர்வு அலகு ஒன்று தொடங்கப்பட்டது. மனப்பாடத்தை மட்டும் சோதிக்காமல் புரிதல், பயன்படுத்தல் எல்லாவற்றுக்கும் கேள்வியில் இடம் வேண்டும், அதற்குக் கேள்வித்தாளுக்கு முன்னாடியே ஒரு திட்ட வரைவு போட வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் சாரம். அந்தத் திட்ட வரைவுக்கு நம்ம பிள்ளைகள் வைத்திருக்கிற பெயர் ‘புளூபிரிண்ட்’. எதற்குப் பயன்படுத்தினோம்? எந்தப் பாடத்தை விட்டுவிடலாம் என்று கண்டுபிடிக்க. பாடம் முழுவதையும் பரவலாகச் சோதிப்பதற்காக வந்த கருவி, பாடத்தை விட்டுத் தள்ளுவதற்குப் பயன்பட்டது. இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஓர் அறிஞரை அவமதிக்க முடியாது!

தவேயையும் தூக்கி வைக்க வேண்டியதில்லை. 1990இல் மத்திய அரசு அமைத்த குறைந்தபட்சக் கற்றல் நிலைகள் குழுவுக்கு அவர்தான் தலைவர். 1991இல் அறிக்கை வந்தது. ஒன்று முதல் ஐந்து வரை மொழி, கணக்கு, சூழ்நிலையியல் மூன்றிலும் எந்த வகுப்பில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியல். ஏழைப் பிள்ளைக்கும் இவ்வளவு வந்தே ஆக வேண்டும் என்ற நோக்கம் நல்லது. ஆனால் அறிவை எண் போட்ட துண்டுகளாக நறுக்கியது என்ற விமர்சனம் அப்போதே வந்தது. என் வருத்தம் வேறு. வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்கச் சொன்ன மனிதரிடமிருந்து ஆசிரியர் கைக்கு வந்து சேர்ந்தது ஒரு பட்டியல்தான். இன்றைக்குக் ‘கற்றல் விளைவுகள்’ என்று சுவரில் ஒட்டுகிற அட்டவணைகளிலும் அதன் சாயல் உண்டு. 1963 தவேக்கும் 1991 தவேக்கும் நடுவில் என்ன ஆயிற்று? இப்படி ஒரு கட்டுரை எந்தப் பாராட்டு மலரிலாவது வருமா? வராது. விழாவில் குறை சொல்லக் கூடாது என்பது நம்ம மரபு. ஆனால் ஓர் ஆய்வாளரின் முரணை எடுத்துப் பேசுவது அவரைப் படித்தோம் என்பதற்கான ஒரே சாட்சி.

*

இப்போது மதிப்பீட்டின் முடிவு நம்மையே தொட்டபோது என்ன செய்தோம் என்று பாருங்க. ஓஇசிடி நடத்துகிற பீசா தேர்வில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 15 வயதுப் பிள்ளைகளுக்கானது. 2009+ என்று அந்தச் சுற்றுக்குப் பெயர், முடிவு வந்தது 2011 டிசம்பரில். தமிழ்நாட்டுக்கு வாசிப்பில் 337, கணக்கில் 351, அறிவியலில் 348. ஓஇசிடி நாடுகளின் வாசிப்புச் சராசரி 493. அடிப்படை வாசிப்பு நிலையை எட்டியவர்கள் இங்கே 17 சதவீதம், அங்கே 81. கலந்துகொண்ட 74இல் நாம் கடைசி மூன்றுக்குள்.

அதற்குப் பிறகு 2012இலும் 2015இலும் 2018இலும் இந்தியா கலந்துகொள்ளவில்லை. கேள்விகள் நம்ம சூழலுக்குப் பொருந்தவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெர்மாமீட்டர் சரியில்லை என்றால் வேறு தெர்மாமீட்டர் வாங்க வேண்டும். காய்ச்சலே பார்க்க மாட்டேன் என்பது வேறு. எந்தக் கேள்வி பொருந்தவில்லை, ஏன், எந்தப் பிள்ளை எப்படிப் புரிந்துகொண்டது என்று ஒரு விரிவான பதிலை நாம் எழுதியிருந்தால் அது மதிப்பீட்டு அறிஞர்களுக்கே பாடமாக இருந்திருக்கும்.

ஏன்னா அவங்க பக்கத்து ஓட்டை அங்கேதான். இந்தப் பன்னாட்டு ஆய்வுகளில் மேடைக்கு வருகிறவர்கள் திட்டம் வகுத்தவர்கள், பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா. கேள்வியை உள்ளூர் மொழிக்குக் கொண்டுவந்தவர், பஸ்ஸும் போகாத பள்ளிக்குக் கேள்விக் கட்டைச் சுமந்து போனவர், பதிலைத் திருத்திக் குறியீடு போட்டவர் யார் பெயரும் விருதுக்கு வருவதில்லை. 1970-71 ஆறு பாட ஆய்வில் இந்தியாவின் இந்தி பேசும் மாநிலங்களும் இருந்தன. அந்த அறிக்கைகளைப் பற்றிப் பேசும்போது நினைவில் நிற்கிற பெயர்கள் நூலாசிரியர்களுடையவை. மால்கம் ஆதிசேஷையா மாதிரி விதிவிலக்கு உண்டு. வேலூர்க்காரர். யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநர் வரை போனவர், 1971இல் சென்னையில் வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அவர் பெயரில் யுனெஸ்கோ எழுத்தறிவுப் பரிசே கொடுத்தது. ஆனால் எல்லாரும் ஆதிசேஷையா ஆக முடியாது. ஆகாதவர்கள் செய்த வேலைக்கு என்ன மரியாதை?

*

நம்ம பக்கமே ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. குடவாசலிலிருந்து ரொம்ப தூரமில்லை உத்தமதானபுரம், உ.வே. சாமிநாதையரின் ஊர். அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தார். ஐயர் 1933-34இல் அவருடைய வரலாற்றை இரண்டு பாகமாக வெளியிட்டார். கிட்டத்தட்ட அறுபது வருஷம் கழித்து! ஆசிரியர் எந்த ஊரில் எந்த நூலைப் பாடம் சொன்னார், யார் யார் கூடப் படித்தார்கள், எப்படிச் செய்யுள் இயற்றினார், யார் ஆதரித்தார்கள், எப்போது பணமுடை என்று விவரம் விவரமாக. அதில் பக்தி நிறைய இருக்கிறது, ஆனால் பக்தி விவரத்தை விழுங்கிவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்ப் பாடம் எப்படி நடந்தது என்று இன்றைக்கு ஒருவர் ஆய்வு செய்ய வேண்டுமானால் அந்தப் புத்தகத்துக்குத்தான் போக வேண்டும்.

அதே வட்டத்தில் இன்னொன்று. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது, தன் இடத்துக்கு ஐயரைப் பரிந்துரைத்தார். 1880இல் ஐயர் வேலையில் சேர்ந்தார். விழா எடுப்பதைவிட, தன் நாற்காலியைத் தகுதியான இளையவருக்குக் கொடுப்பது பெரிய மரியாதை. தனக்கும் தமிழுக்கும் சேர்த்து.

ஆக மலர் போடுகிறவர்களுக்கு என் கோரிக்கை ரொம்பச் சின்னது. வாழ்த்துரை 31 பக்கம் இருக்கட்டும், எனக்கு நாலு பக்கம் போதும். இவர் எந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் உழைத்தார், ஒரு பக்கம். எப்படி வேலை பார்த்தார், ஒரு பக்கம். எங்கே தப்பினார், யார் மறுத்தார்கள், ஒரு பக்கம். மிச்சம் வைத்துவிட்டுப் போகிற வேலை என்ன, ஒரு பக்கம். அவ்வளவுதான்.

*

மறுநாள் அந்தக் கணக்கு வாத்தியாரைப் பார்க்கப் போனேன். மலரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, சந்தோஷமாக இருந்தார், அதை ஏன் கெடுப்பானேன். ‘சார், பழைய பாடக் குறிப்பு ஏதாவது வெச்சிருக்கீங்களா’ என்று மட்டும் கேட்டேன். ‘அதெல்லாம் எதுக்குப்பா’ என்றவர், கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய் நாலு நீளக் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் செய்த தப்புகள். தேதி, வகுப்பு, கேள்வி, பிள்ளை எழுதின விடை, ஏன் அப்படி எழுதியிருக்கும் என்று அவர் யோசித்த குறிப்பு.

ஒன்று சொல்கிறேன். ‘ஒரு மா 33 சென்ட். 3 மா எத்தனை சென்ட்?’ விடை 99. வகுப்பில் பாதிப் பேர் 100 என்று எழுதியிருக்கிறார்கள். அவர் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்: ‘மூணு மா ஒரு ஏக்கர்னு வீட்ல கேட்டு வளர்ந்த பிள்ளைங்க. பெருக்கத் தெரியாம எழுதல. தெரிஞ்சதை எழுதிருக்கு. கேள்விதான் தப்பு.’ 

பீசா கேள்வி நம்ம சூழலுக்குப் பொருந்தவில்லை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு வந்தோமே, அந்த வரிக்கு வேண்டிய சான்று இந்த மாதிரி நோட்டுகளில்தான் இருந்திருக்கும். கேட்க ஆள் இல்லை. 80 பக்க மலர் தயாரித்தவர்களுக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை. அதில் ஒரு வாழ்த்துரை எழுதின எங்க மாமாவுக்கும் தோன்றவில்லை.

நோட்டைக் கடன் வாங்கி வந்திருக்கிறேன். முதல் நோட்டில் 60 பக்கம் ஸ்கேன் ஆகிவிட்டது, சில பக்கம் பூச்சி அரித்திருக்கிறது. பிள்ளைகள் பெயரை எடுத்துவிட்டு, அவர் சம்மதத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டச்சு செய்யப் போகிறேன். ‘அதுல என்னப்பா இருக்கு, வெறும் தப்புதானே’ என்றுதான் இப்பவும் சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்க ஊர்லயும் இப்படி ஒரு நோட்டு ஏதாவது அலமாரியில இருக்கும். அடுத்த விழாவுக்குப் பொன்னாடை வாங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுப் பாருங்க.